குளம்புக்குத்தான் லாடம்

போன வாரம் எங்கள் வாட்ஸப் குழுவில் பாஷா ஒரு படம் போட்டிருந்தான். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர்கள் இருபது பேர் சேர்ந்து வைத்திருக்கும் குழு அது. நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. என் இடுப்பு எனக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டது. ஆனாலும் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை, நானும் விலகுவதாக இல்லை.

லாடக்காரர் சான்றிதழ்ப் படிப்பில் நாங்கள் கையால் எழுதிய நோட்டை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் எல்லாம் செல்போன் ஆப்பில். குதிரை நொண்டியதற்குக் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது. ஈரம், கரடுமுரடான தரை, தீவனம், வயது, பிறவிக் கோளாறு, மற்றவை.

"மாமு, நீங்க எய்தின காரணம் இதுல எங்க கீது?" என்று பாஷா கேட்டிருந்தான். கீழே நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினேன். இல்லை. அந்தக் காரணத்தை எழுதியதால்தான் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு கதை உண்டு. அதை எழுதியதால் கிடைக்காமல் போயிருக்கும் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டும் அரைகுறை. ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைவிட, பட்டவனே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பூந்தமல்லி. பதினெட்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் சேர்ந்து, பதினாறு வருடம் காய்ச்சிய இரும்போடு குடும்பம் நடத்தினேன். கம்பெனியை மூடினார்கள். அப்போது திருமழிசை தாண்டி ஒரு குதிரையேற்றப் பள்ளியில் லாடம் அடித்துக்கொண்டிருந்தவருக்கு இரும்பு வளைக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. போனேன். இரும்பு பழக்கம், குதிரை புதிது. முதல் வருடம் மூன்று உதை வாங்கினேன். இரண்டாம் வருடம் ஒன்று. மூன்றாம் வருடத்தில், உதைக்கப்போகிற குதிரை எது என்று காதைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அதோடு படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் பெங்களூர் போனதும் பள்ளியின் இருபத்திரண்டு குதிரைகளும் என் பொறுப்பு. வெளியில் ஆவடி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் கல்யாணக் குதிரைகளும் சேர்ந்துகொண்டன.

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது பள்ளிக்கு ஒரு புது மேனேஜர் மேடம் வந்தார். நல்ல மனுஷி, ஆனால் நேராகப் பேசுகிறவர். "சலீம், அடுத்த வருஷத்துலேர்ந்து சர்ட்டிஃபிகேட் இருக்கிற லாடக்காரர்தான் உள்ள வரலாம். இன்ஷூரன்ஸ்ல கேக்கறாங்க. ஒரு வருஷம் டைம் இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக என் தோளில் சாய்ந்து தூங்குகிற குதிரைகள் அவை. அவற்றுக்கு என்னைத் தெரியும், இன்ஷூரன்ஸுக்குத் தெரியவில்லையாம். வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் புலம்பினேன். என் மனைவி நூர்ஜஹான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள். எந்த வியாதிக்காரனிடமும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருக்க மாட்டாள். "அழுது முடிச்சாச்சா? ஃபாரம் எங்க கெடைக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.

சனி, ஞாயிறு வகுப்பு. ஒரு வருடம். பூந்தமல்லியிலிருந்து அரை மணி பஸ் தூரத்தில் ஒரு பழைய ஷெட். பரீட்சை மூன்று பங்கு. நீட்டுக் கம்பியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு ஜோடி லாடம் செய்ய வேண்டும். ஒரு குதிரைக்கு முழுசாக லாடம் கட்ட வேண்டும். மூன்றாவது, நொண்டுகிற ஒரு குதிரையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் கவனித்து, காரணம், வைத்தியம், பலன் எல்லாம் எழுதிய நோட்டும், அதன் மேல் வாய்மொழிக் கேள்வியும். மூன்றில் எது போனாலும் எல்லாம் போச்சு.

சொல்லிக்கொடுத்தவர் ஜெபராஜ் சார். ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உலைக்கு முன்னால் நின்றாலும் சட்டை மடிப்புக் கலையாது. என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் தோல் கவசம் கட்டி, சுத்தியல், குறடு, அரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போர்க்களம் போகிற மாதிரி போய் நின்றோம். எல்லாவற்றையும் கீழே வைக்கச் சொன்னார். ஒரு குதிரையை முன்னும் பின்னும் நடத்தச் சொன்னார். "பாருங்க" என்றார். பார்த்தோம். "என்ன பாத்தீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "இடது பின்னங்கால் கொஞ்சம் இழுக்குது சார்" என்றேன். "இன்னொரு வாட்டி பாருங்க அண்ணே" என்றார். மத்தியானம் வரைக்கும் அதே கதை. அந்தக் குதிரை எங்களால் எத்தனை கிலோமீட்டர் நடந்ததோ தெரியாது. சாப்பாட்டு மணிக்குத்தான், இழுப்பு பின்னங்காலில் இல்லை, வலது முன்னங்காலைக் காப்பாற்ற அது உடம்பைச் சாய்க்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தது. அது நானில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

லாடம் செய்யும் வகுப்பு இன்னும் மோசம். நான் பதினாறு வருடம் இரும்பில் புழங்கியவன். மற்றவர்கள் கம்பியைக் காய்ச்சி முடிப்பதற்குள் நான் அடைகல்லில் வைத்துத் தட்டி வளைத்துத் தண்ணீரில் போட்டு எடுத்துவிடுவேன். ஜெபராஜ் சார் ஆறின லாடத்தை இரண்டு விரலால் எடுப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடித்தால் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவார். பிடிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் பழைய இரும்பு டிரம்மில் மெதுவாகப் போடுவார். டங். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. பதினொரு வாரம் என்னுடையது எல்லாம் டங். சின்னப் பசங்களுடையதெல்லாம் சுவரில் தொங்குகிறது. கடைசியில் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "இதுல இன்னா சார் குறை?"

"குறையே இல்லண்ணே. ரொம்ப அழகான லாடம். எந்தக் குதிரைக்கு?"

நான் எந்தக் குளம்பையும் அளந்து அதைச் செய்யவில்லை. மனசுக்குள் இருக்கும் ஒரு அழகான லாடத்தைத்தான் பதினொரு வாரமாகச் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. குளம்பின் பாகங்களுக்கு இங்கிலீஷ் பெயர் எழுத வேண்டும். நூர்ஜஹான் தோசை வார்த்துக்கொண்டே கேள்வி கேட்பாள், நான் பதில் சொன்னால்தான் தட்டில் தோசை விழும். குளம்புக்கு அடியில், நடுவில், ரப்பர் மாதிரி முக்கோணமாக ஒரு பகுதி உண்டு. அதற்கு இங்கிலீஷில் தவளை என்று பெயர். அவளுக்கு அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "குதிர காலுக்குள்ள தவளையா? இத்த வெச்சிக்கினா இத்தன வருசம் ஆணி அடிச்சீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். மார்கழிக்குள் எனக்கு முப்பது பெயர் மனப்பாடம். எடையும் கொஞ்சம் குறைந்திருந்தது.

இனி அந்த நோட்டு விஷயம்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபராஜ் சார் செத்துப்போன ஒரு குதிரையின் குளம்பைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முன்பக்கம் மழமழவென்று சின்னதாக, பொம்மைக் கால் மாதிரி இருந்தது. "வெளியேருந்து பாத்தா எவ்வளவு அழகு! லாடம் சின்னது, குளம்பு பெரிசு. லாடத்துக்கு ஏத்த மாதிரி குளம்பை முன்னால அரத்தால சீவியிருக்காங்க. இப்ப உள்ள பாருங்க" என்றார். உள்ளே முன்சுவர் அட்டை மாதிரி மெலிந்திருந்தது. பின்னால் குதிகாலுக்கு அடியில் இரும்பே இல்லாததால், அது நசுங்கி முன்பக்கமாக ஒழுகியிருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான் நிமிர்ந்துவிட்டேன். அந்த வேலையை எனக்குத் தெரியும். அது என் வேலை.

அந்தக் குதிரை எனக்குத் தெரியாது, ஆனால் அதே மாதிரி கால்களை எட்டு வருடமாக நான் உருவாக்கிக்கொண்டிருந்தேன். மல்லிகாவின் கால்கள்.

மல்லிகா முத்தாபுதுப்பேட்டை ஏழுமலையின் வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு பேண்டு அடிக்கு ஆடுகிறவள். அவள் ஆட ஆரம்பித்தால் மாப்பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஏழுமலை என் வயதுக்காரன், என் சிநேகிதன். "எங்க நைனா மாட்டு பின்னால நடந்தாரு, நான் குதிர பின்னால நடக்கறேன், அவ்ளதான் வித்தியாசம்" என்பான். ஆடுகிற குதிரைக்கு ஒரு சங்கடம் உண்டு. முன்னங்கால் லாடம் பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், பின்னங்கால் வந்து அதை மிதித்துப் பிடுங்கிவிடும். நடு ஊர்வலத்தில் லாடம் தெறித்தால் குதிரைக்காரனுக்கு மானம் போச்சு. அதனால் கல்யாணக் குதிரைகளுக்கு நாங்கள் எல்லோரும் குட்டை லாடம்தான் அடிப்போம். கடையில் மூன்று அளவில் ரெடிமேடாகக் கிடைக்கும். ஒரு அளவு சின்னதாக எடுத்து அடித்துவிட்டு, முன்னால் பிதுங்குகிற குளம்பைச் சீவிவிடுவோம். லாடம் கழலாது, காலும் அழகாக இருக்கும். எட்டு வருடத்தில் மல்லிகாவுக்கு ஒரு லாடம்கூட ஊர்வலத்தில் விழுந்ததில்லை என்று நான் பீற்றிக்கொள்வேன்.

அன்று சாயங்காலமே முத்தாபுதுப்பேட்டை போனேன். ஏழுமலை முகம் வாடியிருந்தது. போன முகூர்த்தத்தில் ஆவடியில் மல்லிகா ஆட மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். மாப்பிள்ளை இறங்கி நடந்து போயிருக்கிறான். "இன்னா பண்ணுதுன்னே தெரீல பாய். பேண்டு சத்தம் கேட்டாலே ஒதுங்குது. மொறச்சிக்கினு நிக்கிது" என்றான். அவள் ஒரு முன்னங்காலை நீட்டி வைத்து, பிறகு அதை மாற்றி அடுத்ததை நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். காலைத் தூக்கிப் பார்த்தேன். மேஜையில் பார்த்த அதே குளம்பு, உயிரோடு, சூடாக.

"இன்னா பாய்?"

"ஈரம்தான் நைனா. மழை. கொட்டகை நசநசன்னு கீது பாரு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனும் நம்பிவிட்டான், டீ போட்டுக் கொடுத்தான். நான் அதைக் குடிக்கவும் குடித்தேன். அந்த வாரம் மல்லிகாவையே என் நோட்டுக் குதிரையாக எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் 'காரணம்: கொட்டகை ஈரம்' என்று எழுதினேன். ஜெபராஜ் சாரிடம் நோட்டைக் கொடுத்தேன், காலின் போட்டோக்களோடு. அவர் போட்டோவைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "இன்னொரு வாட்டி பாருங்க அண்ணே" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் கூடப் படித்தவர் ஒருவர் சொன்னார்: "பைத்தியமா பாய் உனக்கு? நான்தான் குதிரைய நொண்டி ஆக்கினேன்னு எய்தி வெச்சா, எவன் உனக்கு சர்ட்டிஃபிகேட் தருவான்? தரைன்னு எய்து. ரோடு கல்லு மாதிரிதான கீது?" நியாயமான பேச்சுதான். பரீட்சைக்கு வருகிறவர் வெளியாள். எழுதினால் பள்ளிக்கூட வேலை போகலாம். ஏழுமலைக்குத் தெரிந்தால் அவனும் போவான். எழுதாவிட்டால் மல்லிகா மறுபடி அதே குட்டை லாடத்தில்தான் நிற்பாள், ஏனென்றால் ஈரத்துக்கு வைத்தியம் காய்ந்த வைக்கோல்தானே. இரண்டு நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் 'கொட்டகை ஈரம்' என்பதை ஒரே கோடாக அடித்து, கீழே 'காரணம்: எட்டு வருடமாக லாடம் அடித்தவர் செய்த தவறு. அடித்தவர்: நான்' என்று எழுதினேன். அடித்த வரி தெரிகிற மாதிரியே விட்டேன்.

எழுதுவது சுலபம். போய்ச் சொல்வதுதான் பாடு. ஏழுமலை வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மல்லிகாவின் காலைப் பார்த்தான்.

"எட்டு வருசம் பாய். மாமனாரு சொன்னாரு, பொண்டாட்டி சொன்னா, வேற ஆள பாருன்னு. பாய் கை வெச்சா போதும்னு சொல்லிக்கினு இருந்தேன். அன்னைக்கு ஈரம்னு சொன்னியே, அதுவும் தெரிஞ்சிக்கினேதான் சொன்னியா?"

"ஆமா."

"போய்டு" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி மனசு ஆறியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அவனே போன் பண்ணினான். வேறு ஒரு ஆளை வரவழைத்திருக்கிறான். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, பையிலிருந்து அதே குட்டை லாடத்தை எடுத்து, அரத்தையும் எடுத்திருக்கிறான். ஏழுமலை அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். "வாங்க சார். குதிரையப் பாருங்க" என்றான் என்னிடம். போனில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். நேரில் போனபோதும் அதேதான். "உக்காருங்க சார்." "கால தூக்கட்டுமா சார்?" பன்னிரண்டு வருடம் வாடா போடா என்று பழகிய பிறகு ஒருவன் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீயும் கிடையாது.

குளம்பு அதன் மேல் விளிம்பில் இருக்கும் மயிர்க்காலிலிருந்துதான் இறங்கி வளரும், நம் நகம் மாதிரி. மாதத்துக்கு ஒரு விரற்கடைகூட வராது. முழுசாகப் புதுக் குளம்பு வர ஒரு வருடம் ஆகும். முதல் நாள் ஏழுமலையின் மனைவி சரசு தன் நகப்பாலிஷைக் கொண்டுவந்து மயிர்க்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். "இது கீழ எறங்கி வரட்டும், அப்ப பாக்கலாம் உங்க வேலைய" என்றாள். அழிய அழிய, பொட்டு இறங்கி வந்த இடத்திலேயே மறுபடி வைப்பாள். நான் அரத்தால் முன்பக்கத்தைத் தொடுவதை நிறுத்தினேன். காகிதத்தில் குளம்பை வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொண்டு, அந்த அளவுக்கு லாடத்தை உலையில் செய்தேன். அகலமாக, பின்னால் குதிகாலைத் தாங்குகிற அளவுக்கு நீளமாக. அந்த ஜோடியை அடிப்பதற்கு முன் வகுப்புக்குக் கொண்டுபோனேன். "எந்தக் குதிரைக்கு?" என்று ஜெபராஜ் சார் கேட்கவில்லை. காகிதத்தை வாங்கி, லாடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சுவரில் மாட்டவும் இல்லை, டிரம்மில் போடவும் இல்லை. "இது இங்க இருக்க வேண்டிய பொருள் இல்லண்ணே, எடுத்துட்டுப் போங்க" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சிரித்துக்கொண்டே. பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

சந்தோஷம் ஆறு நாள் நீடித்தது. ஏழாம் நாள் போன். "சார், கயிண்டுகிச்சி." பின்னங்கால் மிதித்து லாடத்தைப் பிடுங்கிவிட்டது. திரும்ப அடித்தேன். பத்தாம் நாள்: "சார், மறுபடியும்." மூன்றாம் தடவை குளம்பில் ஒரு துண்டும் சேர்ந்து உடைந்து வந்தது. நாங்கள் எல்லோரும் குட்டை லாடம் அடித்ததற்கு இதுதானே காரணம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆணி அடிக்க இன்னும் இடம் இருக்குமா என்று பயமாக இருந்தது.

அன்றைக்குச் சரசுவிடம் மல்லிகாவை நடத்தச் சொல்லிவிட்டு நானும் ஏழுமலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி இருக்கும். திடீரென்று அவன் சார் போடவே மறந்து, "முன்னங்கால் லேட்டா எய்ந்துக்குது. அது எய்ந்துக்கறதுக்குள்ள பின்னங்கால் வந்து நிக்குது. இது சீக்கிரம் கெளம்பிட்டா அது இன்னாத்த மெரிக்கும்?" என்றான்.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். லாடத்தை நீட்டியதில் தப்பில்லை. முன்னால் மூக்கு தட்டையாக இருப்பதால் கால் உருண்டு எழுந்திருக்க நேரமாகிறது. மறுநாளே லாடத்தின் மூக்கைக் காய்ச்சி, தோசைக்கரண்டி நுனி மாதிரி லேசாக மேல்நோக்கி உருட்டினேன். உடைந்த இடத்தைத் தவிர்த்து, குளம்புச் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே தெரிகிற வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஆறே ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் காது கொடுத்தேன். கெட்டியான குளம்பில் இறங்கினால் கணீரென்று கேட்கும், சதைப்பக்கம் போனால் சத்தம் மழுங்கும். ஆறும் கணீர். ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது, போன் வரவில்லை. ஐந்தாம் வாரம் நானே போனேன். இரண்டு லாடமும் அப்படியே இருந்தன. நோட்டில் 'மூக்கை உருட்டியது: யோசனை ஏழுமலை' என்று எழுதினேன். சரசுவின் பொட்டு அப்போது கால்வாசி இறங்கியிருந்தது.

தை, மாசி முகூர்த்தமெல்லாம் மல்லிகா இல்லாமல் போனது. பங்குனியில் நொண்டாமல் நடந்தாள். வைகாசியில் ஓடினாள். ஆடியில் பரீட்சை.

இரும்பும் லாடம் கட்டுவதும் முதல் நாள் முடிந்தன. இரண்டிலும் தேறிவிட்டேன். மறுநாள் நோட்டும் வாய்மொழியும். குதிரையைக் கொண்டுவர வேண்டும். ஏழுமலை வருவானா என்பதே எனக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. மல்லிகா இறங்கினாள், சலங்கை, நெற்றிச்சுட்டி எல்லாம் போட்டு. "பரீட்சைன்னா சும்மாவா கூட்டியாறது?" என்றான் ஏழுமலை, என்னிடம் இல்லை, டெம்போ டிரைவரிடம்.

பரீட்சைக்கு வந்தவர் ஒரு கால்நடை டாக்டரம்மா. நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. நோட்டை முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். அடித்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"முதல்ல ஈரம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். பயத்துல எழுதினது."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்குது மேடம்."

அவர் சிரிக்கவில்லை. மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சுவரில் இருந்த பல்லியை எண்ணி எண்ணி எனக்கு அலுத்துவிட்டது, ஒரே பல்லிதான். பிறகு எழுந்து வெளியே போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழுமலையிடம் கேட்டார்: "இந்தக் காலைக் கெடுத்தது இவர்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் ஏன் இவர்கிட்டயே விட்டீங்க?"

ஏழுமலை என்னைப் பார்க்காமலே சொன்னான்: "இவுரு பண்ண தப்பு இன்னான்னு எனக்குத் தெரியும். இவுருக்கும் தெரியும். மத்தவங்க பண்ற தப்பு அவங்களுக்கே தெரீலயே மேடம். நான் யார நம்பறது?"

டாக்டரம்மா மல்லிகாவை ஓட்டச் சொன்னார். நேராகப் போய் நேராக வந்தாள். சிமெண்ட் தரையில் நான்கு காலும் ஒரே தாளம். நொண்டல் இல்லை. குனிந்து முன்னங்காலைத் தடவிப் பார்த்து, பாதிக்கு மேல் இறங்கியிருந்த சிவப்புப் பொட்டைத் தொட்டு, "இது எந்த மருந்து?" என்றார். நகப்பாலிஷ் என்றேன். அப்போதுதான் சிரித்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெபராஜ் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவருடைய சட்டை மடிப்பில் என் கரி ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் துடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நாற்பத்தேழு வயதில் பாஸானவன் அழாமல் யார் அழுவார்கள்?

திரும்பிப் பார்த்தால் டெம்போ புறப்பட்டுவிட்டது.

ஆவணியில் முதல் முகூர்த்தம். ஆவடியில் மாப்பிள்ளை அழைப்பு, மல்லிகா ஆடப்போகிறாள் என்று சரசு சொன்னாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட வேலை உறுதியாகிவிட்டது, சட்டம் போட்ட சான்றிதழ் வீட்டில் தொங்குகிறது. நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. ஓடுவது வேறு, பேண்டுக்கு ஆடுவது வேறு. நீள லாடத்தில் ஒரு கல்யாணக் குதிரை ஆடி நான் பார்த்ததே இல்லை. ஒரு பையில் சுத்தியலும் பத்து ஆணியும் போட்டுக்கொண்டு சாயங்காலம் ஐந்தரைக்கே போய்விட்டேன்.

பேண்டு ஆரம்பித்தது. மல்லிகா காதை நிமிர்த்தினாள். முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாள், பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு ஒரே துள்ளல். மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டான். ஜனம் கைதட்டியது. நான் எதையும் பார்க்கவில்லை. குதிரைக்குப் பின்னால் பாதி குனிந்தபடி, நான்கு கால்களையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். தெருவுக்குத் தெரு பேண்டு வேகம் கூடியது, நான் இன்னும் குனிந்தேன். மண்டபம் தெரிகிற வரைக்கும் ஒரு லாடம் அசையவில்லை.

அப்போது ஒருவர் என் தோளைத் தட்டினார். கழுத்தெல்லாம் சந்தனம், விரலில் மூன்று மோதிரம், மாப்பிள்ளையின் பெரியப்பா போலிருந்தார். ரொம்ப நேரமாக என்னைக் கவனித்திருக்கிறார். குனிந்துகொண்டே நடக்கிறவனை, கையில் சுத்தியல் நீட்டிக்கொண்டிருக்கிற பையோடு, யார்தான் கவனிக்க மாட்டார்கள்?

"யாருங்க நீங்க? மாப்ள ஊடா, பொண்ணு ஊடா?"

பையை முதுகுப்பக்கம் நகர்த்திக்கொண்டேன். முன்னால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலை திரும்பினான். நான் பின்னால் வருவது அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"ரெண்டும் இல்ல சார்" என்றான் அவரிடம். "நம்ம பாய். குதிர ஊடு."

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். மல்லிகாவைப் பார்த்தார். "அப்ப நீங்களும் சம்பந்திதான்" என்று சொல்லி என் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏழுமலை குதிரையைக் கட்டிவிட்டு வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

"அந்த பைய கீழ வைடா பாய்" என்றான். "சாப்டு."